மூடியோடு நான்கு, மூடியில்லாமல் பதினைந்து

அன்புத் தம்பி குணாவுக்கு,

உன் ட்ரோனைத் தொட்டுவிட்டேன். தொட்டதோடு நிற்காமல் கழற்றியும் பார்த்துவிட்டேன். நீ இருந்திருந்தால் "அக்கா, அதுல கைய வைக்காத" என்று சமையலறை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்திருப்பாய். வா, துரத்து. யார் வேண்டாம் என்றது?

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வாய் வரவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வழக்கமாக ஒரு வருஷம் முடிந்ததும் பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி எழுதுவார்கள். என்னால் அதுவரை பொறுக்க முடியாது. அடுத்த மாதம் நம் கோயிலில் வருஷாபிஷேகம். அதற்கு முன்னால் தம்போயில் இருக்கிற நம் ஆட்கள் எல்லாரும் இதைப் பத்திரிகையில் படித்தாக வேண்டும். உனக்குத்தான் எழுதுகிறேன். அவர்கள் காதிலும் விழட்டும்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. உன் மோட்டார் பைக்கை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன். நான் இன்னும் அதே ஃபேக்டரியில், அதே கியூ.சி. மேஜையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே எலக்ட்ரானிக் போர்டு போர்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீயும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. ஆளுக்கு ஆள் துணை என்று இருந்தோம். இப்போது ஒரு கப் அரிசி வைத்தால் இரண்டு நாளைக்கு வருகிறது.

கும்பாபிஷேகத்தன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மற்றவர்களும் மறக்கவில்லை. ஆனால் அவர்கள் நினைவில் வைத்திருப்பது வேறு. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

குருக்கள் கலசத்துக்குப் புனித நீர் ஊற்றுகிற நிமிஷத்தில் வானத்திலிருந்து பூ விழ வேண்டும் என்பது உன் ஆசை. பாசிர் கூடாங் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல், பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து நீயே கட்டிய ட்ரோன் அது. வயிற்றில் ஒரு துணிப் பை, அதைத் திறக்க ஒரு கொக்கி. கோயில் கமிட்டியிடம் நீயாகப் போய்க் கேட்டாய். பறக்கவிட அனுமதி வாங்க நீயாக அலைந்தாய். பாடாங் திடலில் எத்தனை ஞாயிறு பழகினாய்! நீ செண்டுமல்லி இதழ்களைக் கொட்டுவாய், நான் புல்லில் உட்கார்ந்து பொறுக்கி மறுபடியும் பையில் போடுவேன். ஒரு நாளும் அது தவறியதில்லை.

ஜி.பி.எஸ். என்றால் என்ன என்று எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாய். மேலே சுற்றுகிற சாட்டலைட்டுகளின் சிக்னலைப் பிடித்துத்தான் ட்ரோன் தான் நிற்கிற இடத்தைத் தெரிந்துகொள்கிறது. நிறைய பிடித்தால், ரிமோட்டிலிருந்து கையை எடுத்தாலும் போட்ட இடத்தில் நிற்கும். காற்று தள்ளினாலும் திரும்பி வரும். சரியாகப் பிடிக்காவிட்டால் காற்று போகிற பக்கம் போகும், நீதான் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பாடாங்கில் எப்போதும் பதினான்கு, பதினைந்து பிடிக்கும்.

அன்று கோயில் வாசலில் நான்குதான் பிடித்தது.

நீ போனையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் பெண்கள் பக்கம் இருந்தேன். உன் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. சாரத்தின் உச்சியில் குருக்கள் குடத்தோடு நிற்கிறார். தலைவர் ரங்கசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ட்ரோன் தம்பி எங்கப்பா? நேரம் போவுது!" என்றார்.

"ரெண்டே நிமிஷம் குடுங்க தலைவரே. சாட்டலைட் இன்னும் சரியா பிடிக்கல."

"சாமிக்கு நேரம் பாக்குறதா, ஒங்க சாட்டலைட்டுக்கு நேரம் பாக்குறதா?" என்று அவர் மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன் குணா. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நீ கையாலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று சுவிட்சை மாற்றி ஏற்றினாய். கோபுர உயரம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அங்கே காற்று. ஒரு பக்கமாகச் சாய்ந்து போனதை நீ இழுத்தாய், கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது. கலசத்தில் மோதியது. கலசத்துக்குச் சாத்தியிருந்த மாலை இறக்கையில் சிக்கி அறுந்தது. ட்ரோன் மண்டபத்துத் தகரக் கூரையில் விழுந்து உருண்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கலசம் ஆடியது, நின்றது, அவ்வளவுதான்.

ஆனால் தலைவர் கையில் மைக் இருந்ததே. "பழகாத கையில குடுத்தா இப்பிடித்தான். நல்ல நாளும் அதுவுமா அபசகுனம்" என்றார். அது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நீ ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடி நின்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ, "கை தப்பு இல்லக்கா. சாட்டலைட் பிடிக்கல" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை இந்த எட்டு மாதத்தில் ஒரு நாளும் மறக்க முடியவில்லை. "ஓட்டத் தெரியலன்னா ஒத்துக்கிட்டுப் போடா. சாட்டலைட், சாட்டலைட்னு சொல்லி ஏன் இன்னும் மானத்த வாங்குற?"

நீ ட்ரோனின் உடைந்த கைகளை மாற்றி, அதைச் சரிசெய்து, அடுத்த ஞாயிறே உன்னோடு வேலை செய்கிற அஸ்மானைக் கூட்டிக்கொண்டு பாடாங்குக்குப் போய்விட்டாய். ஏன் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நாலைந்து ஞாயிறு அப்படியே போனது. திரும்பி வரும்போதெல்லாம் அதே வாக்கியம்: "இன்னும் தெரியலக்கா. ஆனா என் கை இல்ல."

அப்புறம் ஒரு ஞாயிறு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தாய். கையில் எனக்காக மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம், சோத்தோங் கணவாய்த் துண்டு அதிகம் போட்டு வாங்கியது. ட்ரோனை ஒரு பழைய கைலியில் சுற்றி அலமாரி மேல் வைத்தாய். நான், "என்னாடா, கண்டுபிடிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லக்கா. என் கைதான் தப்பு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றேன், மீ கோரெங்கை மென்றுகொண்டே. நீ "ம்" என்றாய். எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாய். அதற்குப் பிறகு நீ ட்ரோன் பக்கமும் போகவில்லை, கோயில் பக்கமும் போகவில்லை.

கும்பாபிஷேகம் முடிந்து நாலாவது மாதம் உன் நெஞ்சு நின்றது. காலை ஷிப்ட் முடிந்து வந்த ஃபேக்டரி பஸ் நம் ஸ்டாப்பில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், நீ இறங்கவில்லை. நீ தூங்குகிறாய் என்று நினைத்து அஸ்மான் உன் தோளைத் தட்டியிருக்கிறான்.

உன் உடம்பு வீட்டுக்கூடத்தில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். "அன்னைக்கே கலசத்துல மோதுச்சுல்ல. அம்மன் சும்மா விடுமா?" சொன்னவர்கள் மெதுவாகத்தான் சொன்னார்கள். நம் வீட்டுக்கூடம் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியுமே. எல்லாம் கேட்டது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அவர்களைத் திட்டுகிற உரிமை எனக்கு இருக்கிறதா, சொல்.

இரண்டு மாதத்துக்கு முன் கோயில் கூட்டத்துக்குப் போனேன். வருஷாபிஷேகத்துக்குப் பூ தூவ ஒரு கம்பெனியை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தலைவர் எழுந்து, "இந்தத் தடவ தெரிஞ்ச ஆளுங்க கையில குடுத்திருக்கோம். போன தடவ என்ன ஆச்சு, அப்புறம் அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். உன் கை தப்பா, இயந்திரம் தப்பா என்று நானே பார்த்துவிடுவது. இருபத்திரண்டு வருஷமாக ஊரான் போர்டில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் தம்பியின் பொருளைப் பார்க்கத் தெரியாதா?

அஸ்மானைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினான். "வேண்டாம் காக், பழைய விஷயம்" என்றான். அவன் என்னை அக்கா என்று மலாயில் அப்படித்தான் கூப்பிடுவான், உனக்குத் தெரியும். நான் விடவில்லை. வந்தான்.

நீ செய்ததையெல்லாம் நாங்களும் செய்தோம். இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, உன் போனில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பல மாதம் சும்மா கிடந்தால் முதல் தடவை பிடிக்க நேரமாகும் என்று அஸ்மான் சொன்னான். அரை மணி நேரம் காத்திருந்தோம், நான்கு. அடுக்குமாடிப் பக்கத்தில் சிக்னல் தடைப்படலாம் என்று பாடாங்கின் நடுவுக்குப் போனோம், நான்கு. மின்சாரக் கம்பி பக்கமே இல்லாத இன்னொரு திடலுக்குப் போனோம், ஐந்து வந்து மறுபடியும் நான்கு. கேமரா ஓடினால் ஜி.பி.எஸ்.ஸுக்கு இரைச்சல் என்று கேமராவை நிறுத்திப் பார்த்தோம். திசைகாட்டியைச் சரிசெய்ய, ஆரத்தி சுற்றுகிற மாதிரி ட்ரோனைக் கையில் வைத்துச் சுற்றினேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டு மேஜையில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். என் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். உன் சோல்டர் வேலையில் ஒரு குறை இல்லை குணா. எங்கள் லைனில் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். இதை நீ இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருப்பேன்?

கூரைக்கடியில் சிக்னல் வராது. அதனால் மேஜையில் மூடியைத் திறப்போம், ஆனால் எண்ணிக்கை பார்க்க முடியாது. எண்ணிக்கை பார்க்கத் திடலுக்குப் போகும்போது மூடியை மாட்டிக்கொண்டு போவோம். மூடியை மாட்டுவது எப்போதும் அஸ்மான்தான். நான் கையை நீட்டினால், "சயா புவாட், காக்" என்று வாங்கிக்கொள்வான். நான் செய்கிறேன் என்கிறான், நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் திடலில் மூடியின் ஒரு திருகு கழன்று புல்லில் விழுந்துவிட்டது. மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். அஸ்மான் கையிலிருந்த உன் போன் சத்தம் போட்டது. எட்டிப் பார்த்தேன். பதினைந்து.

நான் குதிக்காத குறை. அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. "டா ஓகே லா, காக். ஜோம் பாலேக்" என்றான். சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்கிறான். காரணம் தெரியாமல் சரியாகிவிட்டது என்று சொன்னால் எங்கள் ஃபேக்டரியில் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். மூடியை மேலே வைத்தேன். எண்ணிக்கை இறங்கியது, நான்கு. எடுத்தேன், பதினைந்து. மறுபடியும் வைத்தேன்.

ஒரு வெறும் பிளாஸ்டிக் மூடி. பிளாஸ்டிக் சிக்னலைத் தடுக்காது. மூடியைக் கையில் திருப்பினேன். உச்சியில் வேல் ஸ்டிக்கர். அதைக் கட்டைவிரலால் தடவினேன். ஸ்டிக்கர் அவ்வளவு தடிமன் இருக்காது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணீரைத் தலையில் கொட்டின மாதிரி இருந்தது.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் யாகசாலையில் பூஜை செய்த செப்புத் தகடு கொடுத்தார்கள். கட்டம் போட்டு எழுத்துப் பொறித்த சதுரத் தகடு, ஓட்டுகிற காடியிலும் கடையிலும் வீட்டு நிலையிலும் எல்லாரும் ஒட்டுவதுதான். நான் உன் ட்ரோனுக்கு ஒன்று வாங்கி வந்தேன். நீ, "சாமி படத்துகிட்ட வைக்கா. ட்ரோன்ல எதுவும் ஒட்டாத" என்றாய். நான் கெஞ்சியதும், வேல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக்கொள் என்று விட்டுக்கொடுத்தாய். மறுநாள் காலையில் நீ குளிக்கப் போன நேரத்தில், மூடியின் உச்சியில் தகட்டை வைத்து, அதன்மேல் ஸ்டிக்கரை ஒட்டி, நகத்தால் ஓரத்தைத் தேய்த்து மறைத்தேன். குங்குமம்கூட வைத்தேன். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் ஒட்டினேன்.

அந்த உச்சிக்கு நேர் கீழேதான் ஜி.பி.எஸ். இருந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதன் கண்ணை நான் செம்பால் மூடியிருக்கிறேன். எனக்குத் தெரியாத விஷயமா இது? எங்கள் லைனில் சிக்னல் உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது என்று போர்டின் மேல் உலோக மூடி வைத்து அடைக்கிறோமே. ஒரு நாளைக்கு எத்தனை நூறு மூடியைப் பார்த்து அனுப்புகிறேன்! ஃபேக்டரி வாசலைத் தாண்டினால் அந்த அறிவை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறேன் போலிருக்கிறது. சாமி காரியம் என்றால் செம்பு செம்பாக இருக்காது என்று நினைத்தேனா? என்ன நினைத்தேன் என்றே தெரியவில்லை.

அஸ்மானிடம் சொன்னேன். "இத ஒட்டுனது நான்தான் அஸ்மான். அவனுக்குத் தெரியாம ஒட்டுனேன்." நான் ஸ்டிக்கரைப் பிரிக்க ஓரத்தைத் தேடினேன். மூன்று ஓரம் நான் தேய்த்த மாதிரியே இருந்தது. நாலாவது ஓரம் முன்பே பிரிக்கப்பட்டு, வேறு பசையால் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. மெல்லிய, சுத்தமான வேலை. என் கை வேலை அல்ல. உன் கையை எனக்குத் தெரியும்.

"யாரு தொறந்தா இத?" என்று கேட்டேன்.

அவன் கீழே பார்த்தான். "டியா தாஹு, காக்."

அவனுக்குத் தெரியும் என்றான். உனக்குத் தெரியும்.

மீதியை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்த ஞாயிறு, அதே திடலில், நீ ஓரத்தைப் பிரித்துத் தகட்டைப் பார்த்தாயாம். முதலில் சிரித்தாயாம், புல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாயாம். அப்புறம் அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். நீ மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்: "என் பேரு போனது போச்சு. அக்காவுக்குத் தெரிஞ்சா அது தாங்காது. நீ வாயத் தொறக்காத." பசை வாங்கி வந்து நீயே ஒட்டியிருக்கிறாய். தகட்டை எடுத்துப் போடக்கூட இல்லை. "அக்கா ஒட்டுனது, இருக்கட்டும்" என்றாயாம். பிறகு அவனைக் கடையில் நிறுத்தி எனக்கு மீ கோரெங் வாங்கினாய்.

நான் அதை மென்றுகொண்டே என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்லும்போது உன் முகத்தை ஏன் பார்க்கவில்லை? சோத்தோங்கைத் தேடிக்கொண்டிருந்தேன் குணா.

உன்மேல் எனக்குக் கோபம். பெரிய கோபம். நான் தாங்க மாட்டேன் என்று யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? அப்பா போனபோது தாங்கினேன், அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருஷம் தாங்கினேன். இதைத் தாங்க மாட்டேனா? அன்றே நீ மூடியை என் முகத்தில் எறிந்து, "பாரு, நீ பண்ண வேலைய" என்று கத்தியிருக்கலாம். நான் அழுதிருப்பேன். அடுத்த நாள் காலையில் கோயிலுக்குப் போய்ச் சொல்லியிருப்பேன். நீ இருக்கும்போதே சொல்லியிருப்பேன். நீ தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்ததைப் பார்த்திருப்பேன். அந்த ஒரு வாய்ப்பை நீ எனக்குத் தரவில்லை. உன் நல்ல மனசை நான் என்ன செய்வது, சொல். எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒருவேளை நான் சொல்ல மாட்டேன் என்று நினைத்தாயோ? செருப்புத் தேடிக் குனிந்தவள்தானே, வீட்டுக்குள்ளேயே அமுக்கிவிடுவாள் என்று நினைத்தாயோ? அந்தச் சந்தேகம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மறுநாளே கமிட்டிக்குப் போனேன். மூடியையும் தகட்டையும் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வருஷாபிஷேகத்தன்று மைக்கில் இரண்டு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டேன். செயலாளர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தனாம்மா, இது நம்ம கோயில் தகடு. பூச பண்ணிக் குடுத்தது. இதாலதான் ட்ரோன் மோதுச்சுன்னு நீங்க மைக்ல சொன்னா, வாங்கி ஒட்டியிருக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"தகட்டு மேல குத்தம் இல்ல தலைவரே, அம்மன் மேலயும் குத்தம் இல்ல. ஒட்டுன எடம் தப்பு. ஒட்டுனது நான். அதத்தான் சொல்லப் போறேன்."

"அவன்தான் போயிட்டானே. போனவன் பேர்லயே இருந்துட்டுப் போவட்டும்லா. இருக்கிற நீங்க ஏன் தலைல தூக்கிப் போட்டுக்கிறீங்க?"

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது. நீ செத்தது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். செயலாளர், "தே ஓ குடிச்சிட்டுப் போங்கக்கா" என்றார். குடிக்கவில்லை. மூடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று காலை அஸ்மான் உன் ட்ரோனைப் பறக்கவிட்டான். ஸ்டிக்கர் இல்லை, தகடு இல்லை, பதினாறு பிடித்தது. தென்னை உயரத்துக்கு ஏற்றிவிட்டு ரிமோட்டை என் கையில் கொடுத்து, "லெப்பாஸ், காக்" என்றான். விடுங்கள் என்று அர்த்தம். பயந்துகொண்டே கையை எடுத்தேன். நல்ல காற்று. ட்ரோன் ஒரு பக்கம் தள்ளிப் போனது, சாய்ந்தது, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. யாரும் தொடாமலே நின்றது. நீ கட்டியது அப்படி. நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அஸ்மான் பேட்டரி தீர்கிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அவனே இறக்கினான்.

அந்தத் தகட்டை இப்போது உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். அம்மனோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. மூன்று வாரமாகப் பேசவில்லை, அவ்வளவுதான்.

குணா, இதைக் கேள். வருஷாபிஷேகத்தன்று நான் போகிறேன். கம்பெனிக்காரன் ட்ரோனை ஏற்றுவதற்கு முன்னால் அவனிடம் போய், "மேல யாராச்சும் ஏதாச்சும் ஒட்டியிருக்காங்களான்னு பாத்துக்கப்பா" என்று சொல்வேன். பிறகு குருக்கள் குடத்தைத் தூக்குவதற்கு முன்னால், கலசத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் உன் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். மைக் தர மாட்டார்களாம். வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிய தொண்டை இது, தெருக்கோடி வரைக்கும் கேட்கும். என் தம்பியின் கை தவறவில்லை என்று சொல்வேன். தகட்டை ஒட்டியது யார் என்று சொல்வேன். இந்தத் தடவை செருப்பைத் தேட மாட்டேன்.

உன் பேச்சை நம்பாமல், நீ வாங்கிவந்த மீ கோரெங்கை மட்டும் நம்பித் தின்ற,
உன் கூடப்பிறந்த அக்கா,
தனலெட்சுமி
தம்போய், ஜொகூர்